மகேந்திரராஜாவின் பேஸ்காரி

"கிட்டாருக்கு வானில இடமில்லை. தூக்கிக்கொண்டு பஸ்ஸில வா" என்று மகேந்திரராஜா சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது, இந்த மனுசன் என்னை வெட்டிவிடப் பார்க்கிறார் என்று. இடமில்லையாம்! எங்கள் பேண்டின் வான் வண்டியில் ட்ரம்ஸ் ஏறியது. நாலு ஸ்பீக்கர் பொக்ஸ் ஏறியது. அவருடைய கீபோர்டு புதுமாப்பிள்ளை போல முன்சீட்டில் ஏறியது. வடைப் பார்சல்கூட ஏறியது. என்னுடைய நாலடி மரத்துண்டுக்கு மட்டும் இடமில்லை.

"ஆளுக்காவது எடம் இருக்குதா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஆள் ஏறலாம். கிட்டார்தான் ஏலாது."

"கிட்டார் இல்லாம நான் எதுக்கு? பந்தியில எலை எடுக்கவா?"

ட்ரம்ஸ் அடிக்கும் புஹாரி பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மகேந்திரராஜா சிரிக்கவில்லை. வான் கதவை இழுத்துச் சாத்தினார். மாத்தளை மணிக்கூட்டுச் சந்தியில், காலை எட்டு மணி வெயிலில், பேஸ் கிட்டாரும் நானும் நின்றோம். பன்னிரண்டு மணிக்கு வஹகோட்டை கோயில் மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. நான் பிந்தி வரவேண்டும், அவர் கீபோர்டில் இடக்கையால் பேஸின் அடிநாதத்தை வாசித்துக் காட்டவேண்டும், 'பாத்தியளே, அவள் இல்லாமலே நடக்குது' என்று எல்லாரிடமும் சொல்லவேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

எங்கள் சண்டை அன்றைக்குத் தொடங்கியதல்ல. நான் காத்தாயி. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். மாத்தளை டவுனில் நுஹ்மான் நானாவின் மோட்டார் கடையில் கருகிப்போன ஃபேன், மிக்சி, தண்ணி மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது என் தொழில். மகேந்திரராஜா யாழ்ப்பாணத்து ஆள், கவர்ன்மென்ட் கிளாக்கர். வார நாளில் கோப்பு, வார இறுதியில் கீபோர்டு. மேடையில் என்னை அறிமுகப்படுத்தும்போது 'கேத்தி' என்பார். காத்தாயி என்ற பெயர் மைக்கில் ஏறாதாம். ஒரு தடவை நானே மைக்கைப் பிடுங்கி, "பேரு காத்தாயிங்க, எங்க குலசாமி பேரு" என்றேன். கல்யாண வீடே கைதட்டியது. அதற்கு அவர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

என் பேஸ் கண்டியில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஜப்பான் கிட்டார். வாங்கும்போது அதன் பிக்கப் செத்துக் கிடந்தது. பிக்கப் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய கம்பி, வாசிக்கும் கம்பி அதிர்வதை அது கரண்டாக்கும். ஃபேன் கம்பி அதற்குத் தடிப்பு. ஒரு பழைய டிரான்ஸ்பார்மரைப் பிரித்துத் தலைமயிர் போல இருந்த கம்பியை எடுத்து, எட்டாயிரம் சுற்று, கையாலேயே சுற்றினேன். வாசிக்கும் கம்பி புதிதாகக் கொழும்பில்தான் கிடைக்கும் என்பதால் பழைய கம்பிகளைச் சோற்றுப் பானையில் அவித்து அழுக்கெடுத்துப் போட்டேன். சத்தம் இன்னும் கொழுக்கவேண்டும் என்று கிட்டாரின் முதுகைக் குடைந்து, ஒரு குட்டிச் சர்க்கிட்டும் சதுர பேட்டரியும் வைத்தேன். குடைந்த பள்ளத்தைப் பால்மா டின் மூடியை வெட்டி மூடி, நாலு ஸ்க்ரூ முடுக்கினேன். அடித்தால் மண்டபத்து நாற்காலி நடுங்கும்.

"மெக்கானிக் வேலை. பேட்டரியும் வயரும் வைச்சு, இதென்ன ரேடியோவே?" என்று மகேந்திரராஜா மூக்கைச் சுளித்தார். "என்ர இடக்கை போதும்."

"ஒங்க எடக்கை பேஸ் சோத்துல கல்லு மாதிரி அண்ணே. நறுக்கு நறுக்குன்னு கடிபடுது."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று அவர் பழமொழி சொன்னார். அவருக்குக் கீபோர்டு கோணல் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வானில் இடம் இல்லாமல் போனது.

கலேவெல பஸ் கிடைத்தது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, யுத்த காலம், பெப்ரவரி மாசக் கடைசி. தம்புள்ளையில் பஸ்ஸுக்குள் குண்டு வெடித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. வஹகோட்டைக்கு முன்னாலேயே ஒரு புது ஆமிச் சோதனைச் சாவடி முளைத்திருந்தது. எல்லாரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நடக்கவேண்டும்.

பெண்கள் வரிசையில் நின்ற ஆமிக்காரி என் ரெக்சின் உறையைத் திறந்தாள். கிட்டாரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். உள்ளே பேட்டரி லொடலொட என்றது. என் விதி, அன்றைக்கென்று அதைக் கட்டிய பட்டி கழன்றிருந்தது. திருப்பிப் பார்த்தாள். தகர மூடி. ஸ்க்ரூ.

"உள்ளே என்ன?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

நானும் சிங்களத்தில் நல்லபடியாகத்தான் சொன்னேன், "பேட்டரியும் வயரும்" என்று. எவ்வளவு பெரிய மடச்சி நான்! தொழில்காரி புத்தி. யாராவது சாமானுக்குள் என்ன என்று கேட்டால் இருப்பதைச் சொல்லித்தான் பழக்கம்.

அவள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். விசில் ஊதினார்கள். பஸ் சனம் பையைப் போட்டுவிட்டு மதகுக்குப் பின்னால் பாய்ந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் வந்த பொம்பளை, சற்று முன்தான் என்னிடம் தோடம்பழம் தின்னக் கொடுத்தவள், "அம்மே!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நடுரோட்டில் நானும் கிட்டாரும் மட்டும். நாலு துவக்கின் குழல் என்னைப் பார்த்தது.

"நீயே கழற்று" என்று தூரத்தில் இருந்து அதிகாரி கத்தினார்.

கழற்றினேன். நாலு ஸ்க்ரூவைக் கழற்ற அன்றைக்கு எடுத்த நேரத்தில் நான் ஒரு தண்ணி மோட்டாரையே பிரித்துப் பூட்டியிருப்பேன். மூடியைத் தூக்கிக் காட்டினேன். சிவப்பு வயர், கறுப்பு வயர், சதுர பேட்டரி. யாரோ ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னான்.

"இது சங்கீத சாமான் சேர். பேஸ் கிட்டார்."

"வாசி பார்க்கலாம்."

வாசித்தேன். அங்கேதான் வந்தது வினை. பெட்டிக் கிட்டார் என்றால் பெட்டியே பாடும். இது முழு மரம். ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் கொசுவுக்குக்கூடக் கேட்காது. நான் நாலு கம்பியையும் பிய்த்துக்கொள்வது போல் அடிக்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. அதிகாரியின் முகம் மாறிக்கொண்டே போனது.

"சத்தம் வராத கிட்டாரா?"

"பொக்ஸ் வேணும் சேர். எங்க வான் முன்னால போயிருச்சு. கல்யாணத்துக்கு வாசிக்கப் போறோம். லீடர் நம்பர் மனப்பாடம், கேட்டுப் பாருங்க."

நம்பரைச் சொன்னேன். அவர் தன் போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டார். மகேந்திரராஜாவின் "ஹலோ" கேட்டது. பின்னால் புஹாரி ட்ரம்ஸைத் தட்டிப் பார்ப்பதுகூடக் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு சண்டை போட்டாலும் நம் ஆள் நம் ஆள்தான் என்று நினைத்தேன்.

அதிகாரி சாவடியில் இருந்து பேசுவதாகச் சொல்லி, "காத்தாயி என்று ஒரு பெண். கிட்டாருக்குள் பேட்டரி, வயர். உங்கள் பேண்டில் வாசிப்பவளாம். தெரியுமா?" என்று கேட்டார்.

ட்ரம்ஸ் சத்தம் நின்றது.

"பேண்டா? எனக்கு பேண்ட் ஒன்றும் இல்லை. அப்படி யாரையும் தெரியாது" என்றது மகேந்திரராஜாவின் சிங்களம். போன் வைக்கப்பட்டது. அதிகாரி திரும்ப அடித்தார். போன் நிறுத்தப்பட்டிருந்தது.

பயம் என்றால் அதற்கு முன் எனக்கு என்னவென்று தெரியாது. அதற்கும் மேல் ஆத்திரம். அடப்பாவி மனுசா! ஆறு வருசம் உன் பாட்டுக்கு அத்திவாரம் போட்டவள் நான்! ஆமிக்காரி என் கையைப் பின்னால் முறுக்கினாள். முறுக்கிய நேரத்தில்தான் பஸ் கண்ணில் பட்டது. தனியார் பஸ். மாத்தளையில் இருந்து காது கிழியப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த பஸ்.

"சேர், அந்த பஸ் செட்ல மாட்டினா சத்தம் வரும்! என் பையில வயர் இருக்கு!"

கடை ரேடியோவில் மாட்டிப் பழகுவதற்காக நானே ஒட்டிய வயர் அது. பேட்டரியைத் தட்டிப் பார்த்து, நக்கிப் பார்த்து, அது பேட்டரிதான் என்று உறுதி செய்துகொண்டு, என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். "ஸ்பீக்கர் வெடிச்சா யார் பொறுப்பு?" என்று கண்டக்டர் முனகினான். துவக்கைப் பார்த்து வாயை மூடினான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முழங்காலில் நின்று வயரைக் குத்தி, ஒரு கம்பியை அடித்தேன்.

பஸ் உறுமியது. கண்ணாடியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. மதகுக்குப் பின்னால் இருந்த சனம் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டியது. முதல் இரண்டு அடி பிசகியது. பிறகு கல்யாண வீட்டில் ஆடவைக்கும் பைலாத் தாளம் தானாக வந்தது. அதிகாரி "இன்னொன்று" என்றார். வாசித்தேன். "இன்னொன்று" என்றார். அதையும் வாசித்தேன். துவக்கு முனையில் நான் செய்த கச்சேரி அது. என்னைக் கண்டு ஓடிய அதே சனம் கைதட்டியது. தோடம்பழப் பொம்பளை இடுப்பைக்கூட ஆட்டினாள். எனக்குக் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது.

அதிகாரி என் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் புத்தகத்தில் எழுதினார். பிறகு பேனையைத் தூக்கிக்கொண்டு, தங்கச்சி முறை வைத்து மெதுவாகக் கேட்டார்.

"நங்கி, நீ பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் போனில் பேசியவன்தான் பொய் சொன்னான். ஆமியிடம் ஏன் பொய் சொன்னான்? அவன் பெயர் என்ன? எங்கே வேலை?"

நாக்கு நுனியில் இருந்தது. மகேந்திரராஜா. இன்ன கவர்ன்மென்ட் கந்தோர், இன்ன மேசை. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனுசனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அன்றைய நாளில் ஆமியிடம் பொய் சொன்ன யாழ்ப்பாணத்தானை என்ன செய்வார்கள் என்று மாத்தளையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"நம்பரைத் தப்பா சொல்லிட்டேன் சேர். பயத்துல கடைசி நம்பர் மாறிப்போச்சு. அது யாரோ வேற ஆளு."

அவர் என்னையே பார்த்தார். பின்னால் ஏழெட்டு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. "போ" என்றார்.

மண்டபத்துக்கு நான் போனபோது ஒன்றரை மணி. மாப்பிள்ளை பொண்ணு கேக் வெட்டி முடிந்திருந்தது. மகேந்திரராஜா இடக்கையால் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாட்டைப் பாதியில் முடித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் தண்ணித்தாங்கிப் பக்கம் இழுத்துப்போனார். புஹாரியும் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். என் மணிக்கட்டு வீங்கி நின்றது. அடித்தார்களா என்று கேட்பார் என்று பார்த்தேன். தண்ணி வேணுமா என்றாவது கேட்பார் என்று பார்த்தேன்.

"என்ர பேரைச் சொன்னனியோ?" என்று கேட்டார்.

அதுதான் முதல் கேள்வி. அதுதான் ஒரே கேள்வி. எனக்குள் என்னவோ அறுந்தது.

"சொன்னேன்" என்றேன். "பேரு, கந்தோரு, மேசை எல்லாம் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. வருவாங்க, இருங்க."

அவர் முகத்தில் இருந்து இரத்தம் இறங்கியதை நான் ஆசை தீரப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், அந்த நிமிசம் எனக்குத் தேன் குடித்தது போல் இருந்தது. பிறகு கீபோர்டைக்கூட எடுக்காமல் பின்வாசலால் போனார். நான் கிட்டாரை மாட்டி மிச்சக் கல்யாணத்தையும் வாசித்தேன். நல்லாகவே வாசித்தேன்.

ஒரு வாரம் தவிக்கட்டும், பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை கந்தோர்ப் பக்கம் போனால், ஆள் லீவு. அடுத்த திங்களும் லீவு. ஊரில் இல்லை என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் அவருடைய மனைவி மீனாம்பிகை எங்கள் கடைக்கு வந்தார். பள்ளிக்கூட ரீச்சர். எப்போதும் பின் குத்திய சேலை மடிப்புக் கலையாத மனுசி. அன்றைக்கு மடிப்பெல்லாம் குலைந்திருந்தது.

"கொழும்பில லொட்ஜில ஒளிஞ்சிருந்தவர். பொலிஸ் சுத்திவளைப்பில பிடிச்சிட்டினம். ஏன் கொழும்புக்கு வந்தனி எண்டு கேட்டதுக்கு ஒரு காரணமும் சொல்லத் தெரியேல்லை அவருக்கு. இங்க இருந்திருந்தா ஆர் கேட்டிருப்பினம்? உம்மாலதான் ஓடினவர். உம்மட வாய் புழுக்காதோ?"

"அக்கா, நான் அவரு பேரச் சொல்லவே இல்ல. நம்பர் தப்புன்னு சொல்லி அவரைக் காப்பாத்துனேன்."

"புஹாரி கேட்டவன். எல்லாரும் கேட்டவை. சொன்னன் எண்டு நீர்தான் சொன்னனீர்."

"அது பொய்க்கா. ஆத்திரத்துல சொன்னது."

"எது பொய்? அண்டைக்குச் சொன்னதோ, இண்டைக்குச் சொல்லுறதோ?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தரைக் கெடுத்திருந்தேன். நுஹ்மான் நானா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அழுது வேலல்ல டீச்சர், இருங்க. புள்ள, ஒனக்கு மூள இருக்குதானே, யோசி" என்றார்.

யோசித்தேன். நடந்ததை நடந்தபடி பொலிசில் சொன்னால் அவர் ஆமியிடம் சொன்ன பொய் வெளியே வரும். அது இன்னும் மோசம். அவருக்கு வேண்டியது கொழும்புக்கு வந்ததற்கு ஒரு காரணம். காரணம் என் கையிலேயே இருந்தது. பேஸ் கம்பி மாத்தளையிலும் இல்லை, கண்டியிலும் இல்லை.

"என் கிட்டாருக்குக் கம்பி வாங்கத்தான் அவர அனுப்புனேன்னு சொல்றேன்க்கா. அவரோட பேண்ட்ல பேஸ் வாசிக்கிறவ நான்னு எழுத்துல குடுக்குறேன்."

மீனாம்பிகை என்னை நம்பவில்லை. ஆனாலும் வந்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். நான் பழைய கம்பிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். பேண்டோடு அவரும் நானும் நிற்கும் கல்யாண போட்டோ ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

பொலிசில் இருந்த பெரியவர் பொறுமைசாலி. கம்பியைத் தடவிப் பார்த்தார். அவருடைய தம்பியும் ஏதோ பேண்டில் இருந்தவனாம். "அவ்வளவுதானா விசயம்? இதை அந்த மனுசன் முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். "சரி, நான் உள்ளே போய் இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்கிறேன். தெரியும் என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்றைக்கே அனுப்பிவிடலாம்."

மீனாம்பிகை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை என்னைத் தொட்டிராத மனுசி. எனக்கும் கண் கலங்கியது. வெளியே வரட்டும், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவோம், வேண்டுமானால் இடக்கையாலேயே வாசிக்கட்டும் என்று நினைத்தேன்.

பெரியவர் திரும்பி வர கால் மணி நேரம் ஆனது. முகம் வேறாக இருந்தது.

"காத்தாயி என்று யாரையும் தெரியாதாம். மூன்று தடவை கேட்டேன். போட்டோவைக் காட்டினேன். அதில் இருப்பது அவன் இல்லையாம். பேண்டே இல்லையாம். கடவுள்மேல் சத்தியம் செய்கிறான். உங்கள் பெயரைச் சொன்னதும் அந்த மனுசனுக்குக் கைகால் நடுங்குகிறது. நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் என்ன கதை சொல்ல வந்தீர்கள்?"

நான் சத்தம் போட்டேன். மீனாம்பிகை அழுதார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாக்குமூலமும் பொருந்தவில்லை, மேலிடத்துக்கு எழுதவேண்டும், மூன்று மாசமாவது ஆகும் என்றார். என்னுடைய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். என் பெயரைக் கேட்டு அவர் எப்படி நடுங்கியிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும். மாட்டிவிட்டவளே தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். தெரியும் என்று சொன்னால் சாவடியில் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளிவரும் என்று நினைத்திருப்பார். அந்தப் பயத்தை அவருக்குள் வைத்தவள் நான்.

பஸ் வந்தது. ஏறும்போது மீனாம்பிகை திரும்பி என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தாலும் குரல் ரீச்சர் குரலாகத்தான் இருந்தது.

"உம்மைக் காப்பாத்தத்தான் அவர் தெரியாதெண்டு சொன்னவர். உம்மையும் இழுத்துப்போடுவினம் எண்டு யோசிச்சிருப்பார். அப்பிடிப்பட்ட மனுசன் அவர். அவரைப் போய் உள்ளுக்குள்ள தள்ளினனீர். உமக்கு நன்றி எண்டு ஒண்டு இருக்கோ?"

சாவடியில் அவர் என்னைக் கைவிட்ட கதை வாய் வரை வந்துவிட்டது. எனக்கா வாய் இல்லை?

"இருக்குக்கா" என்றேன். "அவரு நல்ல மனுசன்."